கோத்திரப் பட்டியலும் ஏட்டுப் பிழையும்

நம்முடைய பாட்டனாருக்குத் தம் முன்னோர் பன்னிரண்டு பேருடைய நாமதேயங்கள் மனப்பாடம். பிற்பகலில் திண்ணையில் சாய்ந்துகொண்டு, தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஏணிப்படி ஏறுவதுபோல் ஏறிச் சொல்லுவார். நமக்கு எட்டு வயதாயிருக்கும்போது, ஒரு நாள் இந்தப் பாராயணத்தின் நடுவில், பாசிமணி விற்கும் நாடோடி ஒருவன் வெயில் தாங்காமல் திண்ணையோரமாக ஒதுங்கினான். பாட்டனார், "எட்டிப் போடா!" என்று அதட்டிவிட்டு, விட்ட பெயரிலிருந்து தொடர்ந்து சொல்லலானார். நம் பாட்டி மட்டும் அவனைக் கொல்லைப் பக்கமாக அழைத்து ஒரு செம்பு மோர் கொடுத்தாள்.

வெகு காலம் மறந்திருந்த இந்தச் சம்பவத்தைச் சென்ற ஆண்டு வந்த ஒரு கடிதம் நினைவூட்டிற்று. எழுதியவன், அமெரிக்காவில் வசிக்கும் நம் தமையனாரின் புதல்வன். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி ஒரு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினானாம். அவனுடைய ஆண்வழி வம்சம் இன்னதென்று பதில் வந்ததாம். அந்தப் பதிலைச் சொல்லுமுன் அதற்கு ஆதாரமான சாஸ்திரத்தைச் சற்றே சொல்லியாக வேண்டும். நேயர்கள் பொறுத்தருள்க.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் இவை சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல் கலைந்து பிள்ளைகளைச் சேருகின்றன. ஆனால் ஆண்களிடம் மட்டும் உள்ள 'ஒய்' குரோமோசோமுக்குச் சரியான ஜோடி கிடையாது. ஆகவே இரு நுனிகள் நீங்கலாக, அது கலையாமல் தகப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. ஆறு கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட அந்தச் சுவடியைக் கடைசி எழுத்து வரையில் படித்து முடித்தது 2023-ஆம் ஆண்டில்தான்.

சுவடி என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்கு அல்ல. பழைய ஏடுகளைப் பெயர்த்து எழுதியவர்கள் எங்கேனும் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அந்தப் பிரதியைப் பார்த்து எழுதிய பிரதிகளிலெல்லாம் அதே பிழை இருக்கும். ஒரே பிழையுள்ள ஏடுகள் ஒரே தாய் ஏட்டின் வழிவந்தவை என்று பதிப்பாசிரியர்கள் தீர்மானிப்பார்கள். இயற்கையும் அப்படித்தான். தகப்பனின் சுவடியை மகனுக்குப் படி எடுக்கும்போது என்றோ ஒரு முறை எழுத்துப் பிழை நேருகிறது. அந்த மகனின் ஆண்வழிச் சந்ததியார் அதைப் பல்லாயிரம் ஆண்டுகள் சுமந்து திரிகிறார்கள்.

2000-ஆம் ஆண்டில், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் அண்டர்ஹில் முதலிய விஞ்ஞானிகள், இத்தகைய மாறுதல் நேர்ந்த 167 இடங்களைக் கொண்டு, 116 வகைகள் அடங்கிய ஒரு வம்ச விருட்சத்தை வரைந்து வெளியிட்டார்கள். அதன் மிகப் பழைய கிளைகள் கிழக்கு ஆப்பிரிக்கர் சிலரிடமும் தென்னாப்பிரிக்காவின் கோய்சான் ஜனங்களிடமும் காணப்பட்டன. மற்றக் கண்டத்தாரின் முன்னோர் 35,000 முதல் 89,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டவர்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். பையனுடைய சுவடியில் இருந்தது 'எம்82' என்ற பிழை. 'எச்' என்னும் பெருங்கிளையைச் சேர்ந்தது அது. நம் தேசத்தில் பல ஜாதியாரிடமும் பழங்குடியினரிடமும் பரவியிருப்பது. ஆகையால் அதில் ஆச்சரியம் இல்லை. பையனை வியக்க வைத்தது, தேசத்துக்கு வெளியே அதே பிழையைச் சுமந்து திரிகிறவர்கள் யார் என்ற செய்திதான். அவர்கள் ஐரோப்பாவில் ஜிப்ஸிகள் என்று இகழப்பட்ட ரோமா ஜனங்கள்! 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பரிசோதிக்கப்பட்ட ரோமா ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இந்தியக் கிளை இருந்தது.

தண்ணீரைப் 'பானி' என்றும், மனிதனை 'மனுஷ்' என்றும் சொல்லும் அவர்கள் பாஷையைக் கொண்டு, அவர்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்களே என்று ஜெர்மானிய பண்டிதர் ரூடிகர் 1782-லேயே சொல்லியிருந்தார். பாஷை சொன்னதற்கு இரத்தமும் சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் இந்த உறவு அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆரிய இரத்தத்தின் தூய்மையைப் பற்றி ஓயாமல் முழங்கிய ஹிட்லரின் ஆட்சி, ஆரியக் குடும்பத்து மொழியைப் பேசிய அந்த ஏழைகளை லட்சக்கணக்கில் கொன்று குவித்தது. வம்ச கர்வம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம் தேசத்திலும் பூர்வகுடி யார், வந்தேறி யார் என்ற சண்டைக்கு இந்தச் சாஸ்திரத்தை ஆயுதமாக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பன்னிரண்டாம் தலைமுறையில் நமக்கு 4,096 முன்னோருக்கு இடம் இருக்கிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம் வழக்கத்தால் ஒருவரே பல இடங்களில் அமர்ந்திருக்கலாம்; இருக்கட்டும். 'ஒய்' சுவடி அவர்களில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறது. பாட்டனாரின் பட்டியலும் அப்படியே. மற்றவர்களைப் பற்றி இரண்டும் மௌனம். ஒரு நூலைப் பிரித்தெடுத்துக் காட்டி, இதுதான் வேஷ்டி என்று சாதிப்பது எப்படி?

பாட்டனார் இன்று இல்லை. இருந்து, நாம் இதையெல்லாம் சொல்லியிருந்தால், "எட்டிப் போடா!" என்று நம்மையே அதட்டியிருப்பார். பாட்டியும் இல்லை. அவளுடைய தாயாரின் பெயர் என்ன என்று அவள் உயிரோடிருந்தபோது கேட்டு வைத்துக்கொள்ள நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வெட்கம் நமக்கு இப்போதுதான் உறைக்கிறது.

பையன் குடும்பப் பட்டியலைக் கேட்டிருந்தான். பன்னிரண்டு பெயர்களையும் எழுதி அனுப்பினோம். அவற்றின் கீழே பாட்டியின் பெயரை எழுதி, கொல்லைப்புறத்தில் அவள் ஒரு நாள் மோர் கொடுத்த செய்தியையும் சேர்த்தோம். அந்த மனிதனின் பெயரையும் எழுதத்தான் ஆசை. அதையும் நாம் கேட்டு வைக்கவில்லை.