செம்மண்ணில் வயதை வாசிக்கக் கற்ற கதை

கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் மெர்செட், மடேரா, ஃப்ரெஸ்னோ ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடக்கும் செம்மண்ணுக்கு சான் வாக்கீன் என்று பெயர். மேலே பழுப்பு நிறத்தில் இளகிய மண். அதன் கீழ் சிவந்த கெட்டிக் களி. அதற்கும் கீழே, மண்வெட்டியைத் திருப்பி அனுப்பிவிடும் கெட்டித் தட்டு. 1900ஆம் ஆண்டிலேயே மண் ஆய்வாளர்கள் இதைத் தனி வகையாக அடையாளம் கண்டு பெயர் வைத்துவிட்டார்கள். 5 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவிய இந்த மண்ணை, மடேரா நகரத்து நடுநிலைப் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் மண் அறிஞர்களோடு சேர்ந்து எடுத்த முயற்சியால், 1997இல் கலிஃபோர்னியா தன் மாநில மண்ணாக அறிவித்தது.

நான் மண் வாசிக்கும் தொழிலைக் கற்றது இந்த மண்ணில்தான். வேளாண்மைப் பட்டப்படிப்பில் மண்ணியல் பாடம் இருந்தது. மாதிரியை உலர்த்தி, சலித்து, குடுவையில் கலக்கி அளக்கத் தெரியும். குழிக்குள் இறங்கி, வெட்டிய சுவரைப் பார்த்து, இது எந்த மண், எப்படி உருவானது, எதற்கு ஆகும் என்று சொல்வது வேறு தொழில். பல பத்தாண்டுகள் மண் வரைபடம் தயாரித்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்து அதைக் கற்றேன்.

அவர் முதலில் என்னைக் குழிக்கு அழைத்துப் போகவில்லை. மெர்செட் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு, மலை இருக்கும் திசையில் படிப்படியாக மேலே ஏறச் சொன்னார். சியரா நெவாடா மலையிலிருந்து இறங்கும் ஆறு சமவெளியைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. சுமந்து வந்த கல், மணல், வண்டல் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தடம் மாறி மாறி ஓடி, விசிறி வடிவில் நிலத்தை நிரப்புகிறது. இதுதான் வண்டல் விசிறி. பனியுகங்களில் மலை மேலிருந்த பனியாறுகள் கருங்கல்லை அரைத்துத் தள்ளியபோதெல்லாம் புதிதாக ஒரு விசிறி படிந்தது. இடைப்பட்ட காலங்களில் ஆறு தன் பழைய படிவையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. அதனால் கரையோரம் இளைய மண், மேட்டில் மூத்த மண் என்று அந்த நிலம் படிக்கட்டாக அமைந்திருக்கிறது.

ஒவ்வொரு படியிலும் துளைக்கருவியைச் சுழற்றி இறக்கி, வந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆற்றோரம் ஹான்ஃபர்ட் என்னும் மண்: வெளிர்ப் பழுப்பு, மணற்பாங்கு, மேலும் கீழும் ஒரே மாதிரி. மேலே ஏற ஏற நிறம் சிவந்தது, கை பிசுபிசுத்தது. சான் வாக்கீன் மண் இருக்கும் மேட்டுக்கு வந்தபோது துளைக்கருவி இரண்டு அடியிலேயே நின்றுவிட்டது. இந்தப் படிவை ரிவர்பேங்க் படிவம் என்கிறார்கள் நிலவியலாளர்கள். வயது சுமார் 1,30,000 முதல் 4,50,000 ஆண்டுகள் வரை. “அதே ஆறு, அதே கருங்கல்தான். காலம் மட்டும்தான் வேறு” என்றார் ஆசிரியர். தட்பவெப்பம், உயிரினம், நிலத்தின் மேடுபள்ளம், மூலப்பொருள், காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன என்று ஹான்ஸ் ஜென்னி 1941இல் எழுதியதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். ஐந்தில் நான்கு ஏறக்குறைய மாறாமல் நிற்க, காலம் ஒன்று மட்டும் மாறினால் மண் என்னவாகிறது என்பதைக் காலால் நடந்து பார்த்தது அன்றுதான்.

பிறகுதான் குழி. பொக்லைன் வைத்து வெட்டிய சுவரில் எந்திரத்தின் பல் தேய்த்த தடம் இருக்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கத்தி முனையால் மேலிருந்து கீழாகக் கொத்திக் கொத்தி, மண் தானாக உடையும் இடத்தில் உடைய விட வேண்டும். செதுக்கி வழவழப்பாக்கினால் கட்டிகளின் வடிவம் அழிந்துவிடும். இந்த வேலைக்கே வெகுநேரம் பிடிக்கும். ஆசிரியர் அவசரப்படுத்தியதே இல்லை. கத்தி இறங்கும்போது கை உணரும் எதிர்ப்பு மாறும் இடம், சத்தம் மாறும் இடம், நிறம் மாறும் இடம் ஆகியவற்றில் ஆணி குத்தி வைப்போம். அளவு நாடாவைத் தொங்கவிட்டால் அடுக்குகளின் ஆழம் தெரிந்துவிடும்.

அடுத்தது விரல் வேலை. ஒரு பிடி மண்ணை எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நசுக்கி நாடாவாக இழுக்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டருக்குள் அறுந்தால் களி குறைவு. ஐந்து வரை தாங்கினால் நடுத்தரம். ஐந்தைத் தாண்டியும் அறுபடாமல் தொங்கினால் அது களிமண். எங்கள் குழியில் மேல் அடுக்கு சீக்கிரமே அறுந்தது. ஒரு கை ஆழத்துக்குக் கீழே எடுத்த செங்களி நீண்டுகொண்டே போனது. இரண்டுக்கும் நடுவே இருந்த எல்லையை ஒற்றை விரலால் மூடிவிடலாம். அவ்வளவு சட்டென்று மாறியது.

நிறத்துக்கு மன்செல் புத்தகம். ஈரப்படுத்திய மண்துண்டைத் துளையிட்ட தாளுக்குப் பின்னால் பிடித்து, நிறச் சில்லுகளோடு ஒப்பிட வேண்டும். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நேர் வெயிலில் பார்க்க வேண்டும். மேல்மண் பழுப்புப் பக்கங்களில் பொருந்தியது. களி அடுக்கோ சிவப்புப் பக்கங்களுக்குத் தள்ளிக்கொண்டு போனது. கருங்கல்லில் உள்ள கரும் மைக்கா போன்ற கனிமங்கள் சிதையும்போது இரும்பு வெளியேறுகிறது. காற்றோட்டமுள்ள, சூடான, நீண்ட கோடையில் உலரும் மண்ணில் அது ஹேமடைட் ஆகிச் சிவப்பைத் தருகிறது.

ஆனால் சிவப்பு ஒன்றை மட்டும் சாட்சியாக வைக்கக் கூடாது என்பது ஆசிரியரின் கண்டிப்பு. சிவந்த பாறையிலிருந்து நேற்று அடித்து வந்த வண்டலும் சிவப்பாகத்தான் இருக்கும். மண் அங்கேயே நின்று முதிர்ந்ததற்குத் தனிச் சான்று தேவை. அதற்காக ஒரு களிக்கட்டியை உடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். கட்டியின் முகங்களிலும், பழைய வேர் போன துளைகளின் உட்சுவரிலும், மெழுகு பூசியதுபோல் ஒரு பளபளப்பு. உள்ளே மணற்துகள்கள் துருத்திக்கொண்டிருக்க, மேற்பரப்பில் மட்டும் அவை தெரியாதபடி மெல்லிய களிப்படலம். குளிர்கால மழைநீர் மேல்மண்ணின் நுண்களியைச் சுமந்து இறங்கி, கீழே உலரும் இடத்தில் அதைப் படியவிட்டுப் போன தடம் அது. ஆண்டுக்கு ஒரு குளிர்காலம், ஒரு நுண்ணிய பூச்சு. கையில் பிடித்திருந்த கட்டியில் ஆயிரக்கணக்கான குளிர்காலங்கள் படிந்திருந்தன. மண்ணுக்கு வயது உண்டு என்பதை அந்தக் கணத்தில் நான் ஐயமில்லாமல் நம்பினேன்.

களிக்குக் கீழே கெட்டித் தட்டு. சுத்தியலால் பெயர்த்தெடுத்த துண்டுகளை இரண்டு கிண்ணங்களில் போட்டுச் சோதித்தோம். ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் எவ்வளவு நேரம் ஊறியும் துண்டுகள் உருக்குலையவில்லை. சுண்ணாம்பு பிணைத்திருந்தால் நுரைத்துக் கரைந்திருக்கும். மற்றதில் அடர்ந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். அதில் பொறுமையாக ஊறவிட்டபின் துண்டுகள் பிரிந்து உதிர்ந்தன. அப்படியானால் இதைப் பிணைத்திருப்பது சிலிக்கா. ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து கரைந்த சிலிக்கா, மழைநீரோடு அது எட்டும் ஆழம் வரை இறங்கி, கோடையில் அங்கேயே காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஃப்ரெஸ்னோவில் ஆண்டு மழை சுமார் 280 மில்லிமீட்டர்தான். தண்ணீர் ஆழமாக இறங்கிக் கழுவிப் போகப் போதாது. அதனால்தான் தட்டு உருவானது.

இவ்வளவும் குறிப்பேட்டில் ஏறிய பிறகே வகைப்பாட்டைத் தொட அனுமதி. அமெரிக்க மண் வகைப்பாட்டில் 12 பெரும்பிரிவுகள் உண்டு. படலம் படிந்த களி அடுக்கு இருக்கிறது, கால்சியம், மக்னீசியம் போன்ற கார அயனிகள் கழுவப்படாமல் 35 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கின்றன, எனவே ஆல்ஃபிசால். குளிர்காலத்தில் நனைந்து கோடை முழுக்க உலரும் மத்தியதரைக்கடல் வகை ஈரச் சுழற்சி என்பதால் அதற்குள் செரால்ஃப். ஒரு மீட்டருக்குள் சிலிக்காத் தட்டு கிடப்பதால் டூரிசெரால்ஃப். களியளவு ஏழரை சென்டிமீட்டர் இடைவெளிக்குள் 20 சதவீதப் புள்ளிகள் தாவுவதால் அப்ரப்டிக் டூரிசெரால்ஃப். அதன்பின் குடும்பம்: களி 35க்கும் 60 சதவீதத்துக்கும் இடையே, கலப்புக் கனிமம், மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 15க்கும் 22 டிகிரிக்கும் இடையே. பெயரின் ஒவ்வொரு துண்டுக்கும் குழிச்சுவரிலோ ஆய்வகத்திலோ ஓர் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தத் துண்டை எழுத ஆசிரியர் விடமாட்டார்.

இந்தக் கறார் எதற்கு என்பது பாதாம் தோட்டம் போட நினைத்த ஒரு பஞ்சாபி விவசாயியின் நிலத்தில் விளங்கியது. நூறாண்டுக்கு மேலாகப் பஞ்சாபிகள் உழைத்துவரும் பள்ளத்தாக்கு அது. “பேட்டா, மண் நல்லாச் சிவப்பாத்தானே இருக்கு, மரம் வராதா?” என்று கேட்டார். ஆசிரியர் அவரைக் குழிக்குள் இறக்கி, களியின் மேல் எல்லையைத் தொட்டுப் பார்க்க வைத்தார். மழைநீர் அங்கே தயங்கும், தட்டின் மேல் தேங்கும். பாதாம் வேர் ஈரத்தில் நின்றால் அழுகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குழிக்குக் குழி வெடி வைத்துத் தட்டைத் தகர்த்து மரம் நட்டார்கள். இன்று ஆளுயர உளியைப் பூட்டிய எந்திரம் கிழித்துக்கொண்டு போகிறது. உடைந்த தட்டு மனித ஆயுளில் மீண்டும் ஒட்டாது. களியோ நனைந்ததும் திரும்ப அடங்கி இறுகிவிடும். ஆகவே தட்டு எவ்வளவு தடிமன், அதன் கீழே தண்ணீர் இறங்க இளகிய வண்டல் உண்டா, நிலம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே உளியை இறக்க வேண்டும். அவர் நிலத்தின் ஒரு பாதிக்கு அது பொருந்தியது. மறு பாதியை மேய்ச்சலுக்கே விட்டுவிடும்படி ஆசிரியர் சொன்னார், அவரும் கேட்டுக்கொண்டார்.

அப்படி விடப்பட்ட நிலம் வீண் நிலம் அல்ல. கெட்டித் தட்டு தாங்குவதால்தான் குளிர்காலத்தில் பள்ளங்களில் நீர் நின்று சிறு குட்டைகள் உருவாகின்றன. வசந்தத்தில் நீர் வற்ற வற்ற, கரையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூக்கள் மலர்கின்றன. விரல்நுனி அளவுள்ள ஓர் இறால் இனம் கோடையைக் காய்ந்த மண்ணில் முட்டையாகவே கழித்து, மறு மழையில் பொரிகிறது. 1994இல் அது சட்டப் பாதுகாப்புப் பெற்றது. லட்சம் ஆண்டுகளில் உருவான தட்டை எந்திரம் ஒரே நாளில் கிழித்துவிடும். கிழிப்பதற்கு முன் அதற்கு என்ன வயது, அது எதைத் தாங்கி நிற்கிறது என்று கேட்பது நம் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நம் கொங்கு நாட்டுச் செம்மண்களிலும் பல ஆல்ஃபிசால் பெரும்பிரிவைச் சேர்ந்தவையே. கலிஃபோர்னியாவில் ஆறு கொண்டுவந்த கருங்கல் வண்டல். இங்கே பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சிதைந்த பாறை. அங்கே குளிர்கால மழை; இங்கே பருவமழை. பிரிவு ஒன்றானாலும் உட்பிரிவு வேறு, தண்ணீர் நடக்கும் விதம் வேறு. ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிணறு வெட்டவோ கன்று நடவோ போகிறவர்கள் முதலில் இடுப்பளவு ஒரு குழி எடுங்கள். கத்தியால் சுவரைக் கொத்தி, எங்கே எதிர்ப்பு மாறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிடி எடுத்து விரலுக்கிடையே நாடாவாக இழுத்துப் பாருங்கள். எந்த ஆழத்தில் தண்ணீர் தயங்கும், எந்த ஆழத்தில் வேர் நிற்கும் என்பதை அந்தக் குழியே சொல்லிவிடும்.