சேந்தமங்கலத்துச் சிறை

மரக்காணத்து உப்பளங்களில் பங்குனி வெயில் விடியும்போதே ஏறிவிடுகிறது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர் பலர். எங்கள் மூவரில் ஒருவருக்கு இது சொந்த ஊர். அவர் வீட்டார் தலைமுறைகளாக அளத்தில் உப்பு வாருபவர்கள். முதல்நாள் இரவு அவர் வீட்டில் தங்கி, காலையில் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்திற்குப் புறப்பட்டோம். தேவநாயகப் பெருமாள் கோயிலில் உள்ள கல்வெட்டு ஒன்றைப் பார்த்துவர வேண்டுமென்பது எங்கள் நெடுநாள் ஆசை.

புதுச்சேரி வரை பேருந்தில் சண்டைதான். மாமன்னர்களின் புகழ் பாடும் சரித்திரக் கதைகளில் ஊறி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுள் ஒருவருக்குக் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்தவன். உப்பளத்து நண்பருக்கோ அவன் நம் மண்ணின் வீரன். பல்லவர் குடியினன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன், தஞ்சைக்கும் மதுரைக்கும் ஏன் தலைவணங்க வேண்டும் என்பது அவர் வாதம். மூன்றாமவர் சன்னலோரம் கண்ணயர்ந்துவிட்டார்.

அவன் வாழ்ந்த காலத்தைச் சற்றே நினைவுகூர்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழப் பேரரசு உளுத்துக்கொண்டிருந்தது. தெற்கே மாறவர்மன் சுந்தர பாண்டியன். மேற்கே துவாரசமுத்திரத்துப் போசளர். நடுவே மூன்றாம் இராசராசன். காடவர்களோ அதுவரை சோழருக்கு அடங்கிய சிற்றரசர்கள். கெடிலக் கரையில் உள்ள சேந்தமங்கலம் அவர்கள் கோட்டை. பேரரசு நிமிர்ந்து நின்ற நாளில் அவர்கள் அதன் தூண்கள். அது சாயத் தொடங்கியதும் தனிவீடு கட்ட மரம் தேடினார்கள்.

வந்தவாசிக்கு அருகில் உள்ள தெள்ளாற்றில் சோழனை வென்று சிறைபிடித்ததாகக் காடவன் தரப்பு வயலூர்க் கல்வெட்டில் பெருமை பேசுகிறது. திருவயிந்திரபுரக் கல்வெட்டு எதிர்த்தரப்பின் வாக்குமூலம். சோழன் சேந்தமங்கலத்தில் சிறையிருக்கிறான் என்று கேட்ட போசளன் வீரநரசிம்மன், சோழ ராச்சியத்தை நிலைநிறுத்துபவன் என்ற தன் பெயர் கெடக்கூடாதென்று படையெடுக்கிறான். அவன் பாச்சூரில் தங்க, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவர் காடவன் நாட்டிற்குள் நுழைகிறார்கள். காடவன் பக்கம் நின்று மாண்டவர்களுள் ஈழத்தரசன் என்று குறிக்கப்படும் பராக்கிரமபாகுவும் ஒருவன். இறுதியில் அஞ்சிய காடவன் சோழனை விடுவிக்க, போசளத் தண்டநாயகர்கள் அவனை அழைத்துச் சென்று சோழநாட்டில் சேர்க்கிறார்கள். இவை நடந்தது 1231-32 வாக்கில்.

தோற்றவன் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1243 முதல் தன் பெயரிலேயே ஆட்சியாண்டு கணக்கிட்டு, சகலபுவனச் சக்கரவர்த்தி என்று கல்வெட்டுகள் பொறிக்கும் கோப்பெருஞ்சிங்கனைப் பார்க்கிறோம். (இவன் ஒருவனா, தந்தையும் மகனுமாக இருவரா என்பது அறிஞர்களிடையே பழைய வழக்கு.) பெரம்பலூரில் போசளத் தண்டநாயகர்களைக் கொன்றான். 1262-ஆம் ஆண்டுத் திராட்சாராமக் கல்வெட்டில் காகதீயருடைய ஆந்திர நாட்டில் அவன் பெயர் கேட்கிறது. சடையவர்மன் சுந்தர பாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு வென்று, பிறகு அதை அவனுக்கே திருப்பிக் கொடுத்தான். சோழர் கல்வெட்டுகளும் காடவன் கல்வெட்டுகளும் ஏறத்தாழ 1279-இல் ஒன்றாகவே ஓய்கின்றன. தூண் பெயர்ந்தபின் வீடும் நிற்கவில்லை. பெயர்ந்த தூணும் நிற்கவில்லை.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய கதையன்று. நூற்றாண்டுப் போரின்போது பர்கண்டிக் கோமகன் பிலிப், தன் தந்தை 1419-இல் கொலையுண்டதும் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தான். 1435-இல் அராஸ் உடன்படிக்கையில் பிரெஞ்சு மன்னனோடு இணங்கிக்கொண்டான். இடையே 1430-இல் பர்கண்டியர் கையில் சிக்கிய ஜோன் என்னும் பெண் ஆங்கிலேயருக்கு விலைக்குக் கொடுக்கப்பட்டாள். இரு பேரரசுகள் மோதும்போது நடுவில் உள்ளவன் தன் எடையை உணர்கிறான். எந்தத் தட்டில் ஏறினாலும் அது தாழும். இதைத் துரோகம் என்பதா, விடுதலை என்பதா? ஏறிய தட்டைப் பிடித்திருப்பவரைப் பொறுத்தது அது என்ற முடிவோடு கோயிலுக்குள் நுழைந்தோம்.

கல்லில் எங்களால் நேராகப் படிக்க முடிந்தவை சில சொற்களே. கையில் இருந்த அச்சுப் படியின் துணையோடு மெல்லத் தொடர்ந்தோம். முன்பு படித்தபோது வேகமாகத் தாண்டிச் சென்ற இடம் ஒன்றில் அன்று நின்றுவிட்டோம். அது அழிக்கப்பட்ட ஊர்களின் வரிசை. திருவதிகை, திருவெக்கரை என்று தொடங்கிய பெயர்கள். திருவெக்கரை இன்றைய திருவக்கரை. மரக்காணத்திற்குத் தென்மேற்கே அதிகத் தொலைவில்லை. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரை ஊர்களைச் சுட்டழித்ததையும் பெண்களைப் பிடித்ததையும் அக்கல்வெட்டு சாதனையாகவே சொல்கிறது. எரித்தவர்களே எழுதி வைத்த பட்டியல் அது. மறைக்கவேண்டிய செய்தி என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

காடவனும் இதில் தாழ்ந்தவனல்லன். பெரம்பலூரில் தண்டநாயகர்களைக் கொன்றபின் அவர்களுடைய பெண்டிரையும் செல்வத்தையும் கைப்பற்றினான். அப்பாவம் தீர விருத்தாசலத்து இறைவனுக்குப் பொன்னணி செய்து கொடுத்தான். சிதம்பரத்துக் கோபுரத் திருப்பணிகளோடு தொடர்புடையவன், பரதம் வல்லவன் என்று பெயர் பூண்டவன். பாவம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பொன் இறைவனுக்குப் போயிற்று.

மாலையில் மரக்காணம் திரும்பினோம். நண்பரின் தாயார் அன்று உப்புச் சுமந்த அலுப்போடு திண்ணையில் அமர்ந்திருந்தார். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டவரிடம், ஆளுக்கொரு பக்கமாக, கதை முழுவதையும் சொன்னோம். துரோகியா வீரனா என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ராசாவத்தான் விட்டுட்டாங்க. புடிச்சிட்டுப் போன பொம்பளைங்கள விட்டாங்களா கண்ணு?"

கையில் இருந்த அச்சுப் படியை மறுபடி புரட்டினோம். சோழன் நாடு திரும்பியதோடு கல்வெட்டு முடிந்துவிடுகிறது. அவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவும் எங்களிடம் ஆதாரம் இல்லை. "அதப் பத்தி ஒண்ணும் எழுதலம்மா" என்றார் நண்பர்.

"ம்" என்று எழுந்து உலை வைக்கப் போனார்.

அன்றிரவு நாங்கள் கோப்பெருஞ்சிங்கனைப் பற்றிச் சண்டையிடவில்லை.