பதகளிப்பும் பச்சிலையும்

அச்சம் உயிர்கள் அனைத்திற்கும் பொதுவானது. ஆபத்து அணுகும்போது நெஞ்சு படபடப்பது இயற்கை எமக்களித்த காவல். ஆயின், ஆபத்து நீங்கிய பின்னரும் அப்படபடப்பு நீங்காது அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், அதுவே பதகளிப்பு எனும் நோயாகின்றது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போர் எம்மக்களின் உள்ளத்தில் விளைத்த காயங்களை 1998 இல் ஆங்கில நூலாக எழுதினார். எம்மவரோ அதனை நோயென்று கூறுவதில்லை. ‘ஒரே யோசனை’, ‘நித்திரை இல்லை’ என்று கூறிக் கைமருந்தை நாடுவர்.

கைமருந்து எமக்குப் புதிதன்று. பரீட்சைக் காலம் வந்துவிட்டால் ஊரில் அன்னையர் வல்லாரைச் சம்பல் அரைப்பர். சித்த மருத்துவத்திலே அமுக்கராக் கிழங்கும், இமயமலைச் சாரலில் விளையும் சடாமாஞ்சிலும் மனத்தைத் தணிவிக்கும் மருந்துகளாகப் போற்றப்படுகின்றன.

நான் புகலிடம் நாடி இந்நாட்டிற்கு வந்து, விண்ணப்பத்தின் முடிவை எதிர்பார்த்து விடுதியிற் காத்திருந்த மாதங்களில், தபாற்காரரைக் கண்டாலே நெஞ்சு பதறும். அயலறையில் வசித்த அண்ணர் ஒருவர் ‘பால்டிரியான்’ வேரிலிட்ட தேநீரைத் தந்தார். அதன் கடுமணம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அவ்வேரும் எமது சடாமாஞ்சிலும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். அத்தேநீர் சில இரவுகளை இலகுவாக்கியது உண்மை. ஆயினும் அச்சத்தின் வேரை அது தொடவில்லை. வைத்தியரிடம் மனந்திறந்து பேசிய பின்னரே உறக்கம் திரும்பிற்று.

ஜேர்மனியர் மூலிகையை மதிப்பவர்கள். அதனை ஆராய்ந்தே மதிப்பவர்கள். மூலிகை மருந்துகளை மதிப்பிடுவதற்கென 1978 இல் இங்கு ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. பால்டிரியான் உடனே பலன் தருவதன்று. இரண்டு முதல் நான்கு வாரங்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதிற்குட்பட்ட சிறுவர்க்கு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. மெலிசா இலைத் தேநீர் மென்மையானது. மஞ்சட் பூப் பூக்கும் ‘யொஹானிஸ்கிறவுட்’ மனச்சோர்விற்குப் பயன்படுவது. ஆனால் குருதி உறைதலைத் தடுக்கும் சில மருந்துகள், கருத்தடை மாத்திரைகள், மாற்றுறுப்புப் பெற்றோர் உண்ணும் மருந்துகள் ஆகியவற்றின் வலிமையை அது குறைத்துவிடும்.

‘மூலிகைதானே, தீங்கில்லை’ என்பார் சிலர். பசிபிக் தீவுகளின் ‘காவா’ வேர் பதகளிப்பிற்கு இங்கு பெரிதும் விற்பனையானது. ஈரற் பாதிப்புக் குறித்த அச்சத்தால் 2002 இல் அதன் அனுமதி மீளப்பெறப்பட்டது. எமது அமுக்கராவும் ‘அஷ்வகந்தா’ என்ற பெயரில் இங்கு குளிசையாகக் கிடைக்கின்றது. அதனைச் சிறுவர்களும் கருவுற்ற தாய்மாரும் ஈரல் நோயாளரும் தவிர்க்க வேண்டுமென ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2024 இல் அறிவுறுத்தியது. ஊரிலிருந்து பொதியில் வரும் சூரணமாயினும், கடையில் வாங்கும் குளிசையாயினும், உட்கொள்ளுமுன் வைத்தியரிடமோ மருந்தகத்திலோ கூறுங்கள். ஏற்கெனவே உண்ணும் மருந்துகளின் பெயர்களையும் மறையாது சொல்லுங்கள்.

பெற்றோரே! பிள்ளை உண்ண மறுத்தால், பாடசாலை செல்ல அஞ்சினால், இரவில் விழித்திருந்தால், தேநீர் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். ‘நாங்கள் ஷெல்லுக்கே பயப்படவில்லை, உனக்கென்ன பயம்?’ என்று ஒருபோதும் கூறாதீர்கள். எமது துயரம் பெரிதென்பதால் அவர்களது துயரம் சிறிதாகிவிடாது. உளமருத்துவரை நாடுவதைப் பைத்தியமென்று இகழும் வழக்கத்தை நாம் இந்நாட்டிலேனும் கைவிடுவோம். அகதிகளுக்கென உளவள உதவி வழங்கும் நிலையமொன்று அயல்நகரமான டுசல்டோர்விலே 1987 முதல் இயங்கி வருகின்றது.

மாணவச் செல்வங்களே! அபித்தூர்ப் பரீட்சையும் புள்ளிகளும் உங்களை அச்சுறுத்தலாம். வீட்டிற் சொல்ல இயலாதவற்றை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதுவும் இயலாதெனின் 116 111 என்ற இலக்கத்தை அழையுங்கள். கட்டணமில்லை, பெயரும் கேட்கமாட்டார்கள். ரொம்பேர்க் பூங்காவின் மரநிழலில் நாள்தோறும் சிறிது நடவுங்கள். நேரத்திற்கு உறங்குங்கள்.

பச்சிலை உடலுக்குத் துணை. பகிர்ந்து பேசுதல் உள்ளத்திற்குத் துணை. இரண்டையும் அறிவோடு பயன்படுத்தி, அஞ்சாத நெஞ்சினராய் எம் சிறார்கள் வளர வாழ்த்துகின்றேன்.