மூர் மார்க்கெட்டில் ரயிலேறி, பூந்தமல்லியில் முடிவெடுக்கலாம்!

'ரீஃபர்பிஷ்டு' கேமரா லென்ஸ் வாங்கலாமா? மேற்குச் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றினால் பதில் கிடைக்கும்.

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயில்கள் புறப்படுகிற இடத்துக்கு இன்றைக்கும் 'மூர் மார்க்கெட் வளாகம்' என்றுதான் பெயர். மார்க்கெட்தான் இல்லை. 1985-ம் ஆண்டு மே மாதம் பிடித்த தீயில் அது போயிற்று. பழைய புத்தகமோ, பழைய இசைத்தட்டோ, எதுவாக இருந்தாலும் கையில் எடுத்துப் புரட்டி, தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிற பழக்கத்தை மெட்ராஸுக்குக் கற்றுக்கொடுத்த இடம் அது.

இன்றைக்குக் கேமரா லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் மறுபடி தேவைப்படுகிறது. 2018-ல் கேனான், நிக்கான் இரண்டுமே முழு அளவு சென்ஸார் வைத்த 'மிரர்லெஸ்' கேமராக்களைக் கொண்டுவந்தன. அதிலிருந்து தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் ஒவ்வொருவராகப் புதிய வகைக்கு மாற, அவர்கள் விற்றுவிட்ட டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் மேல் 'ரீஃபர்பிஷ்டு' என்று எழுதியிருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் என்றால் இருந்தது இருந்தபடி கைமாறுவது. ரீஃபர்பிஷ்டு என்றால், வாங்கியவர் திருப்பிக் கொடுத்ததையோ, ஷோரூமில் காட்சிக்கு வைத்திருந்ததையோ, எக்ஸ்சேஞ்சில் வந்ததையோ சோதித்து, சுத்தம் செய்து, பழுது நீக்கி, குறுகிய கால வாரன்டியோடு விற்பது. தயாரித்த நிறுவனமே இதைச் செய்வதும் உண்டு. கடைக்காரர் செய்வதும் உண்டு. மேலே துடைத்துவிட்டு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விற்பதும் உண்டு. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். சிக்கலே அங்கேதான்.

கொரட்டூரிலிருந்து பூந்தமல்லி வரை கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. வார நாளில் கம்பெனி வேலை, முகூர்த்த நாளில் கேமரா என்று இரண்டு சம்பாத்தியத்தில் குடும்பத்தை ஓட்டுகிறவர்களும் இந்தப் பக்கம் உண்டு. மண்டபத்துக்குத் தோதான 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். சீட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் நகையை வைக்க வேண்டும். சரிபார்த்த பழைய லென்ஸ் அந்தச் சுமையைக் குறைக்கும். ஆனால், தாலி கட்டுகிற நொடியில் லென்ஸ் ஃபோகஸ் பிடிக்காமல் தடுமாறினால், "இன்னொரு தடவை கட்டுங்க" என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது.

ஆகவே, திருப்பிக் கொடுக்கும் அவகாசத்தோடு லென்ஸை வாங்கி, அந்த அவகாசத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காகவே ஒதுக்குவது நல்லது. அதற்குத் தேவையான சுவரும் கோபுரமும் ஏரியும் இருட்டும் இந்த ஒரே தடத்தில் வரிசையாகக் கிடைக்கின்றன.

அம்பத்தூர்: மூன்று கேள்விகள்

கொரட்டூரைத் தாண்டியதும் வரும் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம்தான். 1960-களில் உருவான இந்தப் பேட்டை, நாட்டின் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று. அதற்கும் முன்பே, 1949-ல் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தின் சைக்கிள் தொழிற்சாலையால் அம்பத்தூர் பெயர் பெற்றுவிட்டது.

லேத்தும் கம்ப்ரஸரும் மோட்டாரும் ஓடுகிற இந்த ஊருக்கு 'ரீகண்டிஷன்' என்ற சொல் புதிதல்ல. பழைய லேத் வாங்குகிற பட்டறைக்காரர் மெஷினின் பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார். யார் வேலை பார்த்தது, என்ன மாற்றினார்கள், எத்தனை நாள் பொறுப்பு என்று மூன்றே கேள்வி கேட்பார். லென்ஸுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். "எல்லாம் செக் பண்ணியாச்சு தம்பி, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்பது இவற்றில் எதற்கும் பதிலாகாது. பதில் பில்லில் இருக்க வேண்டும். லென்ஸின் சீரியல் நம்பர், ஜி.எஸ்.டி. எண், வாரன்டி நாட்கள், திருப்பிக் கொடுக்கும் நாட்கள் எல்லாம் எழுத்தில் இருந்தால்தான், பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையம் வரை போக முடியும்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டையில் லாரிச் சத்தம் குறைவு. நீளமான செங்கல் சுவர்களும் இரும்பு ஷட்டர்களும் தாராளம். முதல் சோதனைக்கு அதுவே போதும். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே, சாயாமல் நிறுத்த வேண்டும். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து நாலைந்து படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே அளவுக்கு லேசாக மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழைந்து, எதிர்மூலை கூர்மையாக இருந்தால் உள்ளே கண்ணாடி ஒன்று சாய்ந்திருக்கலாம். லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம்; அல்லது பிரித்தவர் சரியாகப் பூட்டாமல் விட்டிருக்கலாம். அப்படிப்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

இந்தப் பேட்டைக்குத் தண்ணீரின் நினைவும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் இங்கே பல தொழிற்கூடங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. 2015 வெள்ளத்தைச் சென்னை மறக்கவே இல்லை. ஆகவே இங்கே லென்ஸ் வாங்குகிறவர் வெள்ளத்தின் அடையாளத்தையும் தேட வேண்டும். கேமராவோடு பொருந்தும் வளையத்தில் உள்ள திருகுகளில் துரு, இடுக்குகளில் காய்ந்த வண்டல், கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் காய்ந்த வட்டம், ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்ற உரசல். இதில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

திருமுல்லைவாயல்: கீறல் வேறு, பூஞ்சை வேறு

அடுத்து அம்பத்தூர், அதையடுத்துத் திருமுல்லைவாயல். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தால் மாசிலாமணீஸ்வரர் கோயில். சுந்தரர் பாடிய தலம். கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள். நந்தி இங்கே சுவாமியைப் பார்க்காமல் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். தொண்டைமான் மன்னனின் யானை முல்லைக்கொடியில் சிக்க, மன்னன் வாளால் கொடியை வெட்ட, உள்ளேயிருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்தது என்பது தலவரலாறு. அதனால் லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக்காப்பு. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையில்தான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். வெட்டுப்பட்டும் சுவாமிக்குப் பெயர் மாசு இல்லாத மணி!

லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் பயப்படுவது கீறலுக்குத்தான். ஆனால் முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் பெரும்பாலும் படத்தில் தெரியவே தெரியாது. உள்ளே நாலைந்து தூசி இருந்தாலும் பாதகமில்லை. கீறல் பின்கண்ணாடியில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அது படத்தைப் பாதிக்கும்.

சென்னையில் உண்மையான எதிரி ஃபங்கஸ் எனும் பூஞ்சை. கடல் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையும், மாதக்கணக்கில் மூடிய அலமாரியும் சேர்ந்தால் கண்ணாடியின் மேல் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் படரும். அந்தப் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும். சுத்தம் செய்தால் பூஞ்சை போகும். அரித்த பூச்சு திரும்பி வராது. ஆகவே லென்ஸின் வயதைக் கேட்பதைவிட, இதுவரை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்பதே முக்கியம்.

இதற்கு ஒரு டார்ச் போதும். அபெர்ச்சரைத் திறந்து வைத்து, ஒரு முனையிலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, மறுமுனையிலிருந்து பார்க்க வேண்டும். பிறகு முனைகளை மாற்றிப் பார்க்க வேண்டும். இழை தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால் படிந்தது போல இருந்தால் புகை மூட்டம். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை ஒட்டிக்கொண்டு தகராறு செய்யலாம். கோயிலுக்கு உள்ளே கேமராவை எடுக்காமல், வெளியே நின்று நீல வானப் பின்னணியில் ராஜகோபுரத்தை எடுத்தால், சுதைச் சிற்பங்களின் விளிம்பிலேயே லென்ஸின் கூர்மை தெரிந்துவிடும்.

ஆவடி: மூடி வைக்க வேண்டிய இடம்

அண்ணனூரைத் தாண்டினால் ஆவடி. 1955-ல் காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட ஊர். இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் 1960-களில் 'விஜயந்தா' டாங்குகள் வெளிவந்தன. டாங்கு ஆராய்ச்சி நிலையம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகம் என்று ஊரில் பாதி மதிலுக்குள்தான் இருக்கிறது.

அதனால் இந்த ஊரில் லென்ஸ் பைக்குள் இருப்பதே மரியாதை. பெரிய டெலி லென்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பாதுகாப்புத் துறை மதிலோரம் நடந்தால், காவலர் கூப்பிட்டு விசாரிப்பார். "பழைய லென்ஸ் சார், டெஸ்ட் பண்றேன்" என்ற விளக்கம் அங்கே எடுபடாது. சாப்பாட்டை முடித்துக்கொண்டு பூந்தமல்லி சாலையைப் பிடித்துவிடலாம்.

பருத்திப்பட்டு: ஏரிக்கரைத் தேர்வு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் பருத்திப்பட்டு ஏரி. சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்த ஏரியைச் சீரமைத்து, கரையில் நடைபாதை போட்டு, பூங்காவாக்கியிருக்கிறார்கள். மாலையில் குழந்தைகளோடு குடும்பங்கள் வருகின்றன. நீர்க்காகம், நாமக்கோழி, கொக்கு, கூழைக்கடா என்று காமிராவுக்கும் வேலை இருக்கிறது.

வெயில் சாய்ந்த பிறகு இங்கே சோதிக்க வேண்டியது ஃபோகஸ். சிறகை உலர்த்தியபடி அசையாமல் நிற்கும் நீர்க்காகத்தின் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்துப் பத்துப் படம் எடுத்துப் பார்க்கலாம். கண் மங்கி, பின்னால் உள்ள கிளை கூர்மையாக வந்தால் ஃபோகஸ் தள்ளிப் போகிறது என்று அர்த்தம். டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் சிலவற்றில் இதை ஓரளவு திருத்தும் வசதி உண்டு. ஆனால் படத்துக்குப் படம் ஃபோகஸ் மாறி மாறி விழுந்தால் அது திருத்தத்துக்குள் அடங்காது. பிறகு பறக்கிற கொக்கைத் துரத்தலாம். மண்டபத்தில் மாலை மாற்றும்போது கூட்டம் முண்டியடிக்கிற வேகத்துக்கு அது நல்ல ஒத்திகை.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உள்ள லென்ஸ் என்றால், 200 மி.மீ.யில், நொடியில் 30-ல் ஒரு பங்கு வேகத்தில், கையில் பிடித்தே பத்துப் படம் எடுத்துப் பார்க்கலாம். பாதியாவது தெளிவாக வர வேண்டும். மெல்லிய ரீங்காரம் இயல்பு. கடகடவென்று சத்தமோ, காட்சி திடீரென்று குதிப்பதோ இயல்பல்ல.

கேமராவுக்கு லென்ஸ் பொருந்துமா என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளலாம். கேனானின் பழைய ஈ.எஃப். லென்ஸ்கள் அதன் அடாப்டர் வழியாகப் புது மிரர்லெஸ்ஸில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில், உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்-டி வகை லென்ஸ்கள் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. கையால்தான் திருப்ப வேண்டும். விலை மலிவு என்று அவசரப்பட்டு வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பூந்தமல்லி: விளக்கு வைக்கிற நேரம்

பஸ் பூந்தமல்லியை நெருங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். பூவிருந்தவல்லி என்பதே பெயரின் மூலம் என்பார்கள். திருக்கச்சி நம்பிகள் பிறந்து, இங்கே பூ வளர்த்து, காஞ்சி வரதருக்கு மாலை கொண்டுபோன ஊர். இன்றைக்கு டிரங்க் ரோட்டில் பஸ், லாரி, ஹெட்லைட் வெள்ளம். மேலே மெட்ரோ ரயில் பாதை. வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் பூக்கடை. முகூர்த்த நாளாக இருந்தால் மண்டப வாசலில் சீரியல் லைட்.

கடைசித் தேர்வு இதுதான். எதிரே வரும் ஹெட்லைட்டையும் சீரியல் லைட்டையும் ஓரத்தில் வைத்துப் படமெடுத்தால், பகலில் ஒளிந்திருந்த புகை மூட்டமும் அரித்த பூச்சும் வெளியே வந்துவிடும். சின்ன ஒளிவட்டம் எல்லா லென்ஸிலும் உண்டு. படம் முழுக்க வெளுத்து, கறுப்பு சாம்பல் நிறமானால் அது மண்டபத்துக்கு உதவாது. வீடியோ லைட் முகத்தில் அடிக்கிற மணமேடையில் எல்லாப் படமும் அப்படித்தான் வரும்.

நான்கு தேர்விலும் தேறி, பில்லும் சரியாக இருந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். குறிப்பாக விலை கூடிய டெலி, எஃப் 2.8 ஜூம் லென்ஸ்களுக்கு இது லாபம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு மூன்று முகூர்த்த சீசன் உழைத்துவிட்டு, மறுபடி விற்கும்போதும் கொஞ்சம் பணம் திரும்பும். 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற மலிவான லென்ஸ் என்றால், மிச்சமாகும் சின்னத் தொகைக்காக இத்தனை அலைச்சல் வேண்டாம். முழு வாரன்டியோடு புதிதே வாங்கிவிடலாம். திருப்பிக் கொடுக்கும் அவகாசமே தராத கடையில் எந்த லென்ஸும் வேண்டாம்.

வாங்கியதைக் காப்பாற்றுவது அதன் பிறகான வேலை. துணி அலமாரியும் தோல் பையும் லென்ஸுக்கு ஆகாது. அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம். மாவுத்தூள் உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும். அந்த மணிகள் ஈரம் குடித்து நிறம் மாறியதும் பழைய வாணலி ஒன்றில் கொட்டி, சின்னத் தீயில் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அந்த வாணலியை மட்டும் மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது.