போய்வந்த நேரத்தில் பாதி

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் "நமக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்பீர்கள். நம்ம தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில், 2004-ல் 'கப்ரு' என்று ஒன்றைக் கட்டினார்கள். 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் பிராசசர். அந்த ஜூனில் உலகின் முதல் 500-ல் அதுவும் ஒன்று. பிரித்துப் பார்த்தால் கடையில் கிடைக்கும் பிராசசர்தான்; சூட்சுமம் அவற்றைப் பிணைத்த நெட்வொர்க்கில்.

அந்த ஆசையில், நானும் ஆவடியிலிருந்து வரும் என் ப்ராஜெக்ட் கூட்டாளியும் லேபில் நாலு கம்ப்யூட்டரை ஒரு ஸ்விட்சில் சேர்த்தோம். அளக்கும் முறைக்குப் பெயர் பிங்-பாங். ஒன்று செய்தி அனுப்பும், மற்றது திருப்பி அனுப்பும். ஆயிரம் தடவை ஓட்டிச் சராசரி பார்த்து அதில் பாதி. (இரண்டு கம்ப்யூட்டர் கடிகாரம் ஒத்துப்போகாது, அதனால் புறப்பட்ட இடத்திலேயே நேரம் பார்ப்பது.) சின்னச் செய்தியில் லேட்டன்சி தெரியும், பெரிய செய்தியில் பேண்ட்விட்த். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு விளக்கவே வேண்டாம். ஒருத்தர் போனாலும் ஐம்பது பேர் போனாலும் காத்திருக்கும் நேரம் ஒன்றுதான்!

கிகாபிட் என்றால் வினாடிக்கு 110 மெகாபைட்டாவது வரணும். எங்களுக்கு 11. மூன்று நாளும் அதே 11. மறுநாள் ரெக்கார்டு வைக்கணும். சீனியர் நோட்டைப் பார்த்து 112 என்று எழுதிவிட்டேன்.

கூட்டாளி கையெழுத்துப் போடவில்லை. "நாம அளக்காததுல என் பேரு வேணாம்டா."

கண்டபடி திட்டினேன். அம்பத்தூர் ஸ்டேஷன் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

காலையில் எனக்கு முன்னே அவன் லேபில் ஸ்விட்ச் முன்னால் குந்தியிருந்தான். "இந்த ஒரு லைட்டு மட்டும் ஏன்டா ஆரஞ்சு?" முதல் கம்ப்யூட்டரின் கேபிள் அது. எல்லாவற்றையும் அதிலிருந்தே அளந்திருந்தோம், அதனால் எங்கும் 11. பிளக்கில் நீல இழை ஒன்று சரியாக உட்காரவில்லை. எட்டு இழையும் இருந்தால்தான் கிகாபிட். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் நூறு மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். நூறை எட்டால் வகுத்திருந்தால் முதல் நாளே விளங்கியிருக்கும். புது பிளக் போட்டதும் 113.

112-ஐ அடித்துவிட்டு, 11, 113 இரண்டையும் எழுதினோம். அவன் கையெழுத்துப் போட்டான்.

வைவாவில் எக்ஸாமினர் அந்த 11-ஐத்தான் பிடித்துக்கொண்டார். "கேபிள் யாரு கிரிம்ப் பண்ணது?"

கூட்டாளி சுவரைப் பார்த்தான்.

"நான்தான் சார்."