பேய் விளையாட்டும் கூத்தாண்டவரும்

ஐந்து பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு பேய்க்கதை விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ரத்தக்காட்டேரி. ஒருவர் ஓநாய் மனிதன். ஒருவர் ஆவிகளோடு பேசுபவர். மற்ற இருவரும் ஏதோ சாபம் வாங்கியவர்கள். ஆளுக்கு ஒரு பத்தி எழுத எழுதக் கதை நகர்கிறது. நான்காவது நாள் சண்டை வருகிறது. ஐந்து பேரும் ஹீரோ என்றால் அடி வாங்குவது யார்? பாழடைந்த பங்களாவின் கதவைத் திறந்துவிடும் கிழவி யார்? டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "அந்தப் பக்கம் போவாதீங்க தம்பி" என்று சொல்ல வேண்டியவர் யார்?

இதற்காகத்தான் துணைப் பாத்திரங்கள் இருக்கின்றன. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். கேம் மாஸ்டர் என்ற ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது. விளையாடுபவர் யாருக்கும் சொந்தமில்லாத மீதிப் பேர் அத்தனை பேருக்கும் என்.பி.சி. என்று பெயர் வந்தது. 1978-ல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்', வெறும் எழுத்தாலேயே பல பேர் ஒரே உலகத்தில் உலவ வழி செய்தது. 1991-ல் வந்த 'வேம்பயர்: த மாஸ்கரேட்' ஆட்டக்காரர்களையே காட்டேரியாக்கிவிட்டது. இப்போது என்.பி.சி. என்பது ஒரு வசவு. சொந்தப் புத்தி இல்லாதவனை அப்படித் திட்டுகிறார்கள். அந்த வசவிலேயே துணைப் பாத்திரங்களை எப்படிப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது :)

கேம் மாஸ்டர் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் ஒரு ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கூத்து பார்க்க வேண்டும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறான். திரைக்கு இந்தப் பக்கம் நிற்பவர் கட்டியங்காரன். வந்திருப்பது யார், எந்த ஊர், என்ன காரியம் என்று கேட்கிறார். ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். அப்புறம் அதே கட்டியங்காரன் சேவகனாகிறார், தூதுவனாகிறார், ஊர்க்காரனாகிறார், நடுவில் விலைவாசியைக் கிண்டலும் அடிக்கிறார். விடிய விடியக் கதை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான். ஆனால் போரில் ஜெயிப்பது அவர் இல்லை. இணைய விளையாட்டுகளில் கேம் மாஸ்டர்கள் செய்யும் பெரிய தப்பு இந்த இடத்தில்தான். தாங்கள் உருவாக்கிய துணைப் பாத்திரத்தின் மேல் தங்களுக்கே காதல் வந்து, கடைசிச் சண்டையில் அதை விட்டே பேயைக் கொல்ல வைத்துவிடுகிறார்கள். ஐந்து ஆட்டக்காரர்களும் கை தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. துணைப் பாத்திரத்துக்கென்று ஒன்றுமே இல்லாமல் செய்துவிடுவது. கர்ண மோட்சம் கூத்தில் பொன்னுருவி வருகிறாள். வியாச பாரதத்தில் இல்லாத பெயர். கர்ணனின் மனைவி என்பதோடு விட்டிருந்தால் அழுதுவிட்டுத் திரைக்குள் போயிருப்பாள். கூத்து அவளுக்கு ஒரு மனக்குறை கொடுத்திருக்கிறது. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்குத் தன்னைக் கட்டிவைத்தார்களே என்ற குறை. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுகிறவன் அவளிடம் விடைபெற வரும்போது அந்தக் குறையும் சேர்ந்து நிற்கிறது. அதனால்தான் அந்தக் கட்டத்தில் சனங்கள் தூங்குவதில்லை.

ஆனால் துணைப் பாத்திரம் என்று பேச்செடுத்தால் அரவானைத் தாண்டிப் போக முடியாது.

வியாச பாரதத்தில் இராவான் அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். பீஷ்ம பருவத்தில் வருகிறான், எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். அவ்வளவுதான். தமிழில் கதை வேறு திசையில் போயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிடுகிறது. போரில் ஜெயிக்க எல்லா லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். பாண்டவர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான். முதல் இருவரையும் இழக்க முடியாது. மிச்சம் இருந்தது துணைப் பாத்திரம்!

இதுவரைக்கும் எல்லாக் கதையிலும் நடப்பதுதான். கூத்தாண்டவர் கதை இதற்கு மேல் ஒன்று செய்கிறது. அரவான் சரி என்று சொல்கிறான், ஆனால் வரம் கேட்கிறான். கல்யாணம் ஆகாமல் சாகக்கூடாது. போரை முழுக்கப் பார்க்க வேண்டும். வீரனாகக் களத்தில் விழ வேண்டும். (வரங்களின் எண்ணிக்கையும் வரிசையும் ஊருக்கு ஊர் மாறும்.) நாளை சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக வந்து தாலி கட்டிக்கொள்கிறான். கதையின் சூத்திரதாரி ஒரு ராத்திரிக்குத் துணைப் பாத்திரத்தின் துணைப் பாத்திரமாகிறான். அப்புறம் வெட்டுப்பட்ட தலை உயரத்தில் இருந்து பதினெட்டு நாள் போரையும் பார்க்கிறது.

இணையத்தில் எழுதி விளையாடும் நல்ல குழுக்களில் ஒரு விதி உண்டு. அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தை அவரைக் கேட்காமல் கொல்லக்கூடாது. இதை மீறியதால் சண்டை வந்து உடைந்த குழுக்களுக்குக் கணக்கே இல்லை. இரண்டு மாதம் ஒருத்தி பார்த்துப் பார்த்து எழுதிய தங்கச்சிப் பாத்திரத்தை, தன் ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக இன்னொருவன் ஒரே வரியில் சாகடித்துவிடுவான். எழுதியவள் அடுத்த நாள் வந்து பார்த்தால் ஈமச்சடங்கே முடிந்திருக்கும். அரவானிடமாவது கேட்டார்கள். கேட்டதற்கு விலையும் கொடுத்தார்கள்.

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரத்திலிருந்து இங்கே வந்த ஊர். சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் 18 நாள் திருவிழா. பௌர்ணமியை ஒட்டி நாடெங்கும் இருந்து வரும் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காகச் சுற்றுவட்டார ஆண்களும் கட்டிக்கொள்வது உண்டு. ராத்திரி முழுக்கப் பாட்டும் கும்மியும். விடிந்தால் தேர். பலி முடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, பூவை எடுத்துவிட்டு, குளித்து, வெள்ளைப் புடவை. வேடம்தானே என்று பார்க்கப் போனவர்கள் அந்த ஒப்பாரியைக் கேட்டபின் அப்படிச் சொல்வதில்லை. 'அரவாணி' என்ற சொல்லே இந்தப் பாத்திரத்திடம் இருந்து வந்ததுதான். 2008-ல் தமிழக அரசு அமைத்த நல வாரியத்துக்கும் முதலில் அந்தப் பெயர்தான் இருந்தது. அப்புறம் திருநங்கை என்ற சொல் நிலைத்தது. மூலக்கதையில் சில பக்கம் மட்டுமே வந்துபோன ஒருவன் ஒரு சமூகத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறான். திருவிழா முடிந்து பஸ் ஏறியதும் ஊர் அவர்களை மறுபடி துணைப் பாத்திரமாக்கிவிடுகிறது, அதுவும் சிரிப்புக்கு. தமிழ் சினிமா இதை எத்தனை வருடம் செய்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை. பேய்க்கதைக்குக் களம் தேடுகிறவர்களுக்கு அருமையான இடம். மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர், வெள்ளிமலை, மாலையானால் இறங்கும் மூட்டம். களம் கிடைத்தவுடன் கை தானாக எழுதுவது ஒரு மலைவாசிக் கிழவர், கழுத்தில் எலும்பு மாலை, வாயில் மந்திரம். ஹீரோக்களுக்கு ஒரு ரகசியம் சொல்லிவிட்டுச் செத்துப்போவார். அங்கே வாழும் மலையாளி பழங்குடியினருக்கும் எலும்பு மாலைக்கும் என்ன சம்பந்தம்? பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, டிவி விவாதங்களில் கல்வராயன் மலை என்றால் சாராயம் காய்ச்சும் மலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். விளையாட்டில் எழுதும் ஒரு வரியும் இதைத்தான் இன்னொரு முறை செய்கிறது, கொஞ்சம் சின்ன அளவில்.

அமானுஷ்யம்தான் வேண்டுமென்றால் அவர்களுடைய கதையிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுப்பில் வரும் வடிவத்தில், அண்ணன் தம்பி மூன்று பேர் வேட்டைக்குப் போகிறார்கள். நாய்கள் மட்டும் வீடு திரும்புகின்றன. புருஷன்மார் செத்தார்கள் என்று நினைத்து மனைவிகள் தீயில் உயிரை விடுகிறார்கள். பின்னால் வந்த சகோதரர்கள் வேறு கல்யாணம் செய்துகொண்டு ஆளுக்கொரு மலையில் குடியேறுகிறார்கள். மொத்தக் கதையையும் திருப்பிவிட்டது, பெயர்கூட இல்லாத அந்த நாய்கள். அவற்றுக்கு மந்திரமும் தெரியாது, ரகசியமும் தெரியாது. மழையோ பசியோ, வீட்டுக்கு வந்துவிட்டன.

அடுத்த முறை கல்வராயன் மலையில் ஆட்டம் தொடங்குகிறவர்கள், கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலை போகும் கடைசி பஸ்ஸில் ஒரு அம்மாவை ஏற்றிவிட்டுப் பார்க்கலாம். கடுக்காய் விற்றுவிட்டுத் திரும்புகிறார். மடியில் காசு, கையில் பேத்திக்கு வாங்கிய மருந்து. ஓநாய் மனிதன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இன்று பௌர்ணமி என்று பயந்துகொண்டிருக்கிறான். அந்த அம்மாவுக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கவலையெல்லாம் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதுதான்.