பள்ளத்தூர் ஆச்சியும் பிரயாண அட்டையும்

செட்டிநாடு பார்க்கப் போகிறவர்கள் கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்த்து "ஆகா!" என்று வியந்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். காரைக்குடியிலிருந்து போகும்போது கோட்டையூரை அடுத்து வரும் பள்ளத்தூரில் இறங்குவோர் குறைவு. நீங்கள் இறங்குங்கள். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள், ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பர்மாத் தேக்குத் தூண்கள், உள்ளங்காலுக்குக் குளுகுளுவென்ற ஆத்தங்குடிக் கல்! நம் மனோரமா வளர்ந்த ஊரும் இதுதான்.

பிரயாணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. முருகப்பா குழுமத்தின் மூலவரான திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் பள்ளத்தூர்க் குடும்பத்தவர். 1900-ல் பர்மாவில் மௌல்மீனில் லேவாதேவி தொடங்கியவர். ஜப்பானியர் வருமுன்பே முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பிய கெட்டிக்காரர். மலாய் போனவர்கள் நாகப்பட்டினத்தில் "ரஜூலா" கப்பல் ஏறினார்கள். மடியில் ரொக்கத்துக்குப் பதில் உண்டியல் இருக்கும். கோயில் உண்டியல் என்று நினைத்து விடாதீர்கள்! இங்கே ஒரு கடையில் பணம் கட்டி வாங்கிய சீட்டு அது. கடலுக்கு அப்பால் வேறொரு கடையில் நீட்டினால் பணம் கிடைக்கும். கப்பல் டிக்கெட்டோ அந்தக் கப்பலுக்கு மட்டும்தான் செல்லும். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

ஒரு வீட்டின் வளவில் ஆச்சி ஒருவர் வெற்றிலைத் தட்டோடு அமர்ந்திருந்தார். மகள் சிங்கப்பூரில், பேறுகாலத்துக்குப் போக வேண்டும். பிறகும் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்வர ஆசை. மகன் இரண்டு கிரெடிட் கார்டு விளம்பரங்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"பத்திரிகைக்காரரு, நாலும் தெரிஞ்சவரு. ரெண்டுலே எதை வாங்குறது, சொல்லுங்க தம்பி!"

ஒன்று, ஒரே விமானக் கம்பெனியோடு சேர்ந்த அட்டை. மளிகை, துணிமணி எதற்குக் கொடுத்தாலும் அந்தக் கம்பெனியின் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு அவர்கள் விமானத்தில் இலவச இடம் வாங்கலாம். மற்றது, உயர்தரப் பிரயாண அட்டை. எந்தக் கம்பெனியில் பறந்தாலும் பயன்படும். விமான நிலைய ஓய்வறையில் உட்காரலாம், சாப்பிடலாம். சந்தாதான் மூச்சு முட்டும். 12,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 14,750!

"ஓய்வறையா? நான் இட்லிப் பொட்டலம் கட்டிக்கிட்டுல்ல போவேன்!" என்றார் ஆச்சி.

விமான அட்டையில் ஒரு சூட்சுமம் உண்டு. புள்ளிக்குக் கிடைக்கும் இடங்கள் சிலவே. கூட்டமான நாட்களில் அவையும் அகப்படுவது அரிது. குழந்தை பிறக்கிற தேதியை விமானக் கம்பெனியைக் கேட்டா வைத்துக்கொள்ள முடியும்? திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பறக்கின்றன. புள்ளி ஆசையில் ஒன்றையே பிடித்துக்கொண்டால், அடுத்த கம்பெனியில் டிக்கெட் சல்லிசாக இருந்தாலும் மனசு போகாது. நஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

கம்பெனியே நிலைக்குமா என்பது வேறு கேள்வி. பக்கத்துக் கோட்டையூரின் வள்ளல் அழகப்பச் செட்டியார் "ஜூபிடர் ஏர்வேஸ்" நடத்தினார், அது நீடிக்கவில்லை. கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தது. அதன் புள்ளிகளாவது புது வீட்டுக்குக் குடிபோயின.

அப்படியானால் உயர்தர அட்டைதானா? அதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் செலவழித்தால் சாதாரண அட்டைகள் பலவும் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் கூடுதலாகப் பிடிக்கின்றன. உயர்தர அட்டைகளில் இது இரண்டு ரூபாய் அளவில் இருக்கும். சிங்கப்பூரில் ஒரு லட்சம் செலவழித்தால் மிச்சம் 1,500. சந்தா 14,750! மாதாமாதம் பெருந்தொகை அட்டையில் செலவாகும் வீடுகளுக்கு, புள்ளிகளாலேயே இது கட்டிவரும். வருஷத்தில் இரண்டு பிரயாணத்துக்குக் கட்டாது.

கெடுவுக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிட்டால் மாதம் நூற்றுக்கு மூன்றரைக்குக் குறையாமல் வட்டி போடும் அட்டைகள் உண்டு என்பதையும் சொன்னேன். ஆச்சி வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார்.

"மாசத்துக்கு மூணரையா! வட்டிக்கடை வச்சிருந்த வீட்டிலே வந்தா இதைச் சொல்றீங்க?"

என் அபிப்பிராயம் இதுதான்: மகள் இருக்கும் ஊருக்கு ஒரே கம்பெனிதான் போகிறது, நீங்களும் அடிக்கடி போகிறீர்கள் என்றால் விமான அட்டை வாங்குங்கள். இல்லையென்றால் சந்தா குறைந்த, எந்தக் கம்பெனியோடும் முடிச்சுப் போடாத அட்டையே போதும். உண்டியல் மாதிரி எங்கும் செல்லும். புள்ளிகளுக்குக் காலக்கெடு உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஆச்சிக்கு இது சம்மதம். விளம்பரங்களை மடித்து வெற்றிலைத் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு, இரண்டாம் கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அந்தக் கைமுறுக்கையும் மணகோலத்தையும் தராசிலே வையுங்கடி, எத்தனை கிலோ வருதுன்னு பார்ப்போம்!"